முன்னால் போன வண்டியின் தடம்

எங்கள் ஏரிக்கரை ஊரான முஸ்தனியெமியில் குளிர்காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள யாரும் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. கலெர்வோ வீட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். காலையில் அவர் காப்பியும் கையுமாக உள்ளேயே உட்கார்ந்திருந்தால் ஏரி இன்னும் சரியில்லை என்று அர்த்தம். பனியில் துளை போடும் ஆள் உயரத் திருகுக் கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையில் இறங்கினால், அக்கரைக்குப் பாதை பிறக்கப்போகிறது.

ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் அக்கரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏரி உறைந்து இறுகியபின் நேராகப் போனால் ரேடியோவில் இரண்டு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். மளிகைக் கடை, பல் டாக்டர், நடனக் கூடம் எல்லாமே அந்தப் பக்கம். ஆகவே உறைந்த ஏரிமேல் போகும் பனிச்சாலை எப்போது திறக்கும் என்பது இங்கே தலைபோகிற விஷயம். அதைத் திறப்பதும் மூடுவதும் பல வருஷங்களாகக் கலெர்வோ கையில் இருந்தது.

அவர் செய்வது இதுதான். பனியில் துளை போட்டு, வெட்டி எடுத்த துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கனத்தை மட்டும் அளக்கிறவர்கள் உண்டு. கலெர்வோ நிறத்தையும் பார்ப்பார். அடங்கிய குளிரில் மெதுவாக இறுகிய பனி கறுத்துக் கண்ணாடிபோல் இருக்கும், அதை நம்பலாம். மேலே விழுந்த வெண்பனி ஊறி உறைந்தது பால்போல வெளுத்திருக்கும். அதைப் பாதியாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே கனமுள்ள இரண்டு துண்டுகளில் ஒன்று லாரியைத் தாங்கும், மற்றது ஆளையே தாங்காது. துளைக்கும் துளைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அதனால் 'உடையாது' என்று அவர் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. 'போகலாம்' என்பார், அவ்வளவுதான்.

'கூடாது' என்று சொன்ன நாட்கள்தான் அதிகம். மூடி வைத்த சாலை உண்மையிலேயே உடைந்திருக்குமா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் அவருக்கு நன்றி சொன்னவர்களைவிட அவரை ஏசியவர்கள்தான் ஊரில் நிறைய. ஏசியவர்களில் முதல் ஆள் ரெய்னோ.

ரெய்னோ மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கலெர்வோவைவிட ஒரு வயது சிறியவர், பத்து மடங்கு பேசுகிறவர். மனைவி இறந்து வருஷங்கள் ஆகின்றன. வாரம் ஒருமுறை தலையைப் படிய வாரிக்கொண்டு, கறுப்புக் காலணி பளபளக்க, அக்கரை நடனக் கூடத்துக்குப் போவார். அங்கே பெண்கள் ஆண்களை அழைக்கும் முறை வரும்போது இர்மா என்ற ஓய்வுபெற்ற தபால்காரி நேராக நடந்துவந்து இவர் முன்னால் நிற்பாள். இருவரும் டாங்கோ ஆடுவார்கள். வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு மாலைக்காகத்தான் ரெய்னோ மீதி ஆறு நாளையும் தள்ளுகிறார் என்பது ஊருக்கே தெரியும்.

சனிக்கிழமைகளில் அவர் வருவது கலெர்வோ வீட்டு சௌனாவுக்கு, அதாவது நீராவிக் குளியலறைக்கு. சூடேறிய கற்களில் தண்ணீரை ஊற்றி, எழும் ஆவியில் மேல் பலகையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். எங்கள் ஊர் ஆண்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். உடம்பில் ஒரு நூல் இல்லாமல் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பதை மட்டும் கழுத்துவரை போர்த்தி வைத்திருப்பார்கள். மீன், வானிலை, யார் வீட்டு டிராக்டர் பழுது என்று எல்லாம் பேசுவார்கள். உடம்பில் நோவு என்றால் மட்டும் பேச்சே வராது. இன்னொருத்தன் உடம்பைப் பற்றிக் கேட்பது இங்கே பிறத்தியார் அலமாரியைத் திறப்பது மாதிரி.

இருவருக்கும் ஒரே இலையுதிர் காலத்தில் நோய் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தது தெர்த்து, கலெர்வோவின் மனைவி. சௌனாவிலிருந்து இரண்டு கிழவர்களும் சிறுநீர் கழிக்க மாறி மாறி வெளியே ஓடுவதை அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு பேரும் வேலியோரமா நின்னுட்டு வர்றதுக்குள்ள என் காப்பி ஆறிப்போகுது. இது சரியில்ல. நாளைக்கு ரத்தம் சோதிக்கக் குடுக்கப் போறீங்க. வண்டிய நான் ஓட்டறேன்" என்றாள்.

ரத்தத்துக்குப் பிறகு ஸ்கேன், ஸ்கேனுக்குப் பிறகு ஊசியால் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகள். முடிவைச் சொன்னவர் நகர ஆஸ்பத்திரி டாக்டர் மீர்வா. நிதானமான பெண். பேசும்போது கணினியைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பார். இரண்டு பேரும் ஒன்றாகவே கேட்கிறோம் என்று ரெய்னோ சொன்னதால், தெர்த்துவையும் சேர்த்து மூன்று நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"ரெண்டு பேருக்கும் புற்றுநோய்தான். ரெண்டு பேருக்கும் ஒரே தரம், ஒரே நம்பர், நடுவாந்தரம். நாளைக்கே அறுத்தாகணும்னு இல்ல. மறந்துட்டுப் போங்கன்னும் என்னால சொல்ல முடியாது."

"ஒரே நம்பரா?" என்று ரெய்னோ கலெர்வோவை இடித்தார். "பாத்தியா, ரெட்டைப் பிள்ளைங்க!"

அறுவை செய்தால் சிறுநீர் கொஞ்ச நாளைக்கோ நெடுநாளைக்கோ கட்டுப்படாமல் போகலாம்; படுக்கைச் சுகமும் போகலாம். செய்யாமல் அடிக்கடி சோதித்துக்கொண்டு காத்திருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அது போதும், சிலருக்குப் போதாது. அந்தச் சிலர் யார் என்பதுதான் கேள்வி. அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடப்பதாக டாக்டர் சொன்னார்.

"மைக்ரோஸ்கோப்புல நாங்க செல்லோட முகத்தைத்தான் பாக்கறோம். ஒரே மாதிரி முகம், ஆனா உள்ள வேற வேற குணம் இருக்கலாம். எல்லா செல்லுலயும் மரபணுங்கற சமையல் புத்தகம் ஏறக்குறைய ஒண்ணுதான். எந்தப் பக்கத்தைத் திறந்து வச்சு எதைச் சமைக்குதுங்கறதுதான் வித்தியாசம். எந்த மரபணு தூங்குது, எது அளவுக்கு மீறி வேலை செய்யுதுன்னு இப்ப அளந்து பாக்க முடியுது."

"அளந்து?" என்றார் கலெர்வோ. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"நம்ம ஆஸ்பத்திரி அடித்தளத்துல பழைய நோயாளிங்களோட துண்டுகள் மெழுகுல பதிச்சு இருக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னால எடுத்தது. அவங்கள்ல யாரு இந்த நோயாலயே போனாங்க, யாரு நல்லா வயசாகி வேற எதனாலயோ போனாங்கன்னு நமக்குத் தெரியும். ரெண்டு கூட்டத்துலயும் எந்தெந்த மரபணு முழிச்சிருந்துச்சுன்னு பாத்து வச்சிருக்கோம். உங்க துண்டு எந்தக் கூட்டத்தோட சாயல்ல இருக்குன்னு பாப்போம்."

"உறுதியாச் சொல்லுமா?" என்று கலெர்வோ கேட்டார்.

"சொல்லாது. உங்கள மாதிரி நூறு பேர்ல எத்தனை பேருக்கு மோசமாகும்னு சொல்லும். அந்த நூறுல நீங்க யாருன்னு சொல்லாது."

கலெர்வோவுக்கு இந்தப் பதில் பிடித்துப்போயிற்று. 'உடையாது' என்று சொல்லாத ஒருத்தியை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார். துளை போட்டுக் கனத்தை அளந்தாயிற்று. இப்போது துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறத்தைப் பார்க்கப்போகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னார்.

ரெய்னோ ஒப்புக்கொள்ளவில்லை. "புது வருஷத்துக்கு ஈயத்தை உருக்கித் தண்ணில ஊத்திக் குறி பாக்கறோமே, அதுமாதிரி செத்தவங்களை வச்சு எனக்குக் குறி பாக்கறீங்களா? வேண்டாம் டாக்டர். அவங்களத் தூங்க விடுங்க" என்றார்.

"புதுசா ஊசி எதுவும் இல்ல. உங்க துண்டு ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அந்த ஒரு வார்த்தைதான் இப்ப என்கிட்ட இல்ல" என்று சிரித்தார் ரெய்னோ. சிரிப்பு கண்வரை போகவில்லை.

அவரை வீட்டில் இறக்கிவிட்டபின் தெர்த்து வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "அந்தச் சுரப்பிய எடுத்துப் போட்டுடு, கலெர்வோ. சோதனை கீதனைன்னு உக்காந்திருக்காத. எங்கப்பா மரம் தன் மேல விழுந்தப்பக்கூட அழாத மனுஷன். கடைசில இதே நோயில, முதுகெலும்பு வலில குழந்த மாதிரி அழுதாரு. இன்னொரு தடவ என்னால அதைப் பாக்க முடியாது."

வண்டியை மறுபடி கிளப்பிக்கொண்டே அவளே கேட்டாள்.

"அந்த அடித்தளத்துல அப்பாவோட துண்டும் இருக்கும், இல்ல?"

"இருக்கும்" என்றார் அவர். கியரைப் பிடித்திருந்த அவள் கைமேல் தன் கையை வைத்தார். வீடு போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை.

முதல் வெண்பனி விழுந்த வாரம் முடிவு வந்தது. கலெர்வோவின் துண்டு, வயதாகி வேறு காரணத்தால் போனவர்களின் கூட்டத்தோடு சேர்ந்தது. தொடர்ந்து ரத்தம், ஸ்கேன் என்று சோதித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்றார் டாக்டர். தெர்த்து விடவில்லை. "அப்ப எங்கப்பா மாதிரி இல்லையே?" என்று கேட்டாள். அவள் அப்பா யார் என்று டாக்டருக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அந்தக் கூட்டத்துல இல்ல" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தெர்த்து அழுது தீர்த்தாள். கலெர்வோ அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சனிக்கிழமை சௌனாவில் வழக்கம்போல மீனைப் பற்றிப் பேச்சு ஓடியது. பிறகு ரெய்னோ கற்களைப் பார்த்தபடியே, "என்ன சொன்னா?" என்றார்.

"காத்திருக்கலாம்னா."

"அறுக்க வேணாமா?"

"வேணாமாம்."

ரெய்னோ தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். ஒரு கரண்டித் தண்ணீரை மொத்தமாகக் கற்களில் வீசினார். ஆவி சீறியது. "அப்ப எனக்கும் வேணாம்! ஒரே நம்பர்தானே? ஒரே ஏரித் தண்ணி, ஒரே மீனு, ஒரே சௌனா. உனக்கு ஆகாதது எனக்கு மட்டும் எப்படி ஆகும்?"

அப்போது கலெர்வோ வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நண்பன் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியதைப் பார்த்தார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இன்னொருத்தன் உடம்பில் மூக்கை நுழைக்கக்கூடாது என்ற எங்கள் ஊர் மரியாதையும் சேர்ந்துகொண்டது. எழுந்து போய் இன்னும் இரண்டு விறகை அடுப்பில் போட்டுவிட்டு வந்தார். இந்த மரியாதையால் எங்கள் ஊரில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ரெய்னோ அதோடு நிற்கவில்லை. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த ரத்தச் சோதனைக்கும் வரமாட்டேன் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார். தெர்த்து சுட்டுவைத்த அரிசிக்கஞ்சிப் பணியாரத்தில் முட்டை கலந்த வெண்ணெயைத் தடவிக்கொண்டே அதைப் பெருமையாக வேறு சொன்னார். அவர் போனதும் தெர்த்து கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் உடம்பு."

"அவன் உடம்புதான். ஆனா அவன் நம்பறது உன் முடிவை. அது தெரியுதா உனக்கு?"

தெரிந்தது. அதனால்தான் தட்டை ஒதுக்கிவிட்டு, துளைக்கருவியின் அலகைத் தீட்ட எழுந்து போனார்.

அந்த ஜனவரியில் குளிர் பிடிவாதமில்லாமல் வந்துவந்து போனது. கலெர்வோ கரையில் பனிச்சாலையை மறித்த தடுப்புக் கம்பை எடுக்காமலே வைத்திருந்தார். ஒருநாள் பிற்பகல், பனிமேல் சறுக்கி ஓடும் எடை குறைந்த பனிமோட்டார் வண்டியில் ஏரிக்குள் போய்த் துளை போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் இரண்டு தீவுகளுக்கு இடையே நீரோட்டம் உள்ள இடுக்கு ஒன்று உண்டு. அங்கே துண்டு கனமாகத்தான் இருந்தது. ஆனால் முக்கால்வாசி வெள்ளை. இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டு, இடுக்கைத் தாண்டி அந்தப் பக்கம் துளை போடப் போனார்.

நிமிர்ந்து பார்த்தபோது, மங்குகிற வெளிச்சத்தில் இரண்டு விளக்குகள் ஏரிமேல் வந்துகொண்டிருந்தன. ரெய்னோவின் வேன். தடுப்புக் கம்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பனிமோட்டாரின் தடத்தைப் பிடித்தபடி நேராக வருகிறார். அன்றைக்கு நடனம்.

கலெர்வோ இரு கைகளையும் வீசிக் கத்தினார். ரெய்னோ பதிலுக்கு ஒலிப்பானை அடித்து வணக்கம் சொன்னார். இடுக்கில் வேனின் முன்பக்கம் மெதுவாகக் குனிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

நல்லவேளை, பனிமேல் ஓட்டும்போது, உடைந்தால் சட்டென்று வெளியேற வசதியாகக் கண்ணாடியை இறக்கி, சீட் பெல்ட்டைக் கழற்றி வைக்கிற பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. ஜன்னல் வழியாக நெளிந்து வெளியே விழுந்தார். கலெர்வோ வயிற்றால் ஊர்ந்து போய்க் கயிற்றை வீசினார். இடுப்புவரை நனைந்து, கோட்டும் டையுமாக, நடனக் காலணியால் பனியை உதைத்துக்கொண்டு ரெய்னோ இழுபட்டு வந்தார். மூச்சு திரும்பியதும் முதலில் வந்தது கோபம்தான்.

"டேய், நீ போனியேடா! உன் தடத்துலதானே வந்தேன்!"

"நான் போனேன். என் வண்டி எடை என்ன, உன் வண்டி எடை என்ன?" என்றார் கலெர்வோ. தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார்.

தீவைச் சுற்றிப் பனிமோட்டாரில் வீடு வந்ததும், சமையலறையில் தெர்த்து ரெய்னோவைப் போர்வையால் சுற்றி, காலில் கம்பளிக் காலுறை மாட்டி, கையில் காப்பியைத் திணித்தாள். கலெர்வோ உட்காரவில்லை. மேஜை அருகில் நின்றபடியே பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"ரெய்னோ, அந்த டாக்டர் பாத்தது என் துண்டை. உன்னுது மெழுகுல சும்மா கெடக்கு. ஒரே நம்பர்னு அன்னிக்கு நீ சந்தோஷப்பட்ட. நான் வாயத் தொறக்கல. ஒரே கனமுள்ள பனி எல்லாம் ஒண்ணு இல்லன்னு இந்த ஊர்ல எனக்கு மேல யாருக்குத் தெரியும்? தெரிஞ்சும் அடுப்புல விறகு போடப் போனேன். என் தடத்துல நீ வராத. உன்னுதப் பாக்கச் சொல்லு."

ரெய்னோ கோப்பையை மேஜையில் வைத்தார். "ஓகோ. என் வேன் முழுகினதுக்கு நீ பிரசங்கம் பண்றியா?"

"வேனை விடு."

"நீ விடு! உனக்குத் தெர்த்து இருக்கா. எனக்கு என்ன இருக்கு? வாரத்துல ஒரு நாள் இர்மா வந்து என் தோள்ல கை வைக்கறா. அவ்வளவுதான்டா என் சொத்து. கால்சட்டைக்குள்ள பஞ்சைக் கட்டிக்கிட்டு, எப்ப நனையும்னு பயந்துக்கிட்டு அவளோட ஆடச் சொல்றியா? அதுக்கு எனக்கு ஒண்ணுமே தெரியாம இருக்கறதே மேல்."

"தெரியாம இருந்தவரு எங்கப்பா" என்றாள் தெர்த்து. அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

ரெய்னோ கலெர்வோவின் பழைய கால்சட்டையில், போர்வையோடு, நடந்தே வீட்டுக்குப் போனார். வேனை மறுநாள் டிராக்டர் வைத்து இழுத்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது, ரெய்னோ வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. கலெர்வோ சௌனாவைச் சூடாக்கி, இரண்டு குளியல் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மேல் பலகையில் தனியாக உட்கார்ந்து தண்ணீர் ஊற்றுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலையாக இருந்தது.

"நீ சரியாத்தான் சொன்ன" என்றாள் தெர்த்து.

"சரியாச் சொல்லி என்ன? ஆள் வரலையே."

பிப்ரவரியில் பனி உண்மையாகவே இறுகி, சாலை திறந்தபின், ஒரு சனிக்கிழமை சௌனாக் கதவு திறந்தது. ரெய்னோ, துவைத்து மடித்த கால்சட்டையை முன்னறையில் வைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கரண்டித் தண்ணீரைக் கற்களில் ஊற்றினார்.

"சரின்னு சொல்லிட்டேன்" என்றார் கடைசியில். "அந்த டாக்டர்கிட்ட. முடிவு சொல்றப்ப நீ வா. தெர்த்து வேணாம், அவ அழுவா."

கலெர்வோ போனார். இம்முறை இரண்டு நாற்காலிதான். ரெய்னோவின் துண்டு மற்றக் கூட்டத்தோடு, இந்த நோயாலேயே போனவர்களோடு, சேர்ந்திருந்தது. ஸ்கேனில் பார்த்தவரை நோய் இன்னும் சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை. ஆனால் சும்மா கிடக்கிற ரகம் இல்லை, காத்திருக்கச் சொல்லத் தனக்கு மனம் வரவில்லை என்றார் டாக்டர். ரெய்னோ ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. கலெர்வோவுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஒரே தரம், ஒரே நாற்காலி வரிசை, ஒரே ஏரி. ஒருவனுக்குக் கறுப்பு, ஒருவனுக்கு வெள்ளை. இதில் தான் செய்த நல்லது என்ன, அவன் செய்த தப்பு என்ன என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்ச்சில் அறுவை. பனிச்சாலை மூடுவதற்குச் சற்று முன்னால், கண்ணாடியை இறக்கிவிட்டு, கலெர்வோதான் அவரை ஏரிமேல் கூட்டிப்போனார். எடுத்த சுரப்பியைப் பார்த்ததில், ஊசித் துண்டுகளில் தெரிந்ததைவிட நோய் அதிகமாகவே இருந்தது. ஓரங்கள் மட்டும் நோய் எட்டாமல் சுத்தமாக இருந்தன.

அத்தோடு எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. அந்தக் கோடை முழுக்க ரெய்னோவுக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை. தும்மினால் போச்சு, சிரித்தால் போச்சு. சிரிக்கிற மனுஷன் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டார். நடனக் கூடத்துக்குப் போவதை நிறுத்தினார். ஒருமுறை கலெர்வோ அக்கரைக்குப் போனபோது, கூடத்துக்கு வெளியே மரங்களுக்கடியில் முழுகின வேனுக்குப் பதிலாக ரெய்னோ வாங்கிய பழைய வேன் நிற்பதைப் பார்த்தார். ரெய்னோ உள்ளே உட்கார்ந்து, திறந்த ஜன்னல் வழியாக டாங்கோ கேட்டுக்கொண்டிருந்தார். கலெர்வோ பார்க்காததுபோல் திரும்பி வந்துவிட்டார்.

"நான் சொல்லாம இருந்திருந்தா அவன் இப்ப உள்ள ஆடிட்டு இருப்பான்" என்றார் மனைவியிடம்.

"இருப்பான். எத்தனை வருஷத்துக்கு?"

"அது யாருக்கும் தெரியாது."

அதுதான் இதிலுள்ள வேதனை. மூடி வைத்த சாலை உடைந்திருக்குமா என்பது மாதிரி, தப்பித்தவனுக்குத் தான் எதிலிருந்து தப்பித்தோம் என்பது கடைசிவரை தெரியாது. போனது மட்டும் கண்ணுக்குத் தெரியும். அந்த நூறு பேரில் மோசமாகாமல் போகிறவர்களும் உண்டு. ரெய்னோ அவர்களில் ஒருவராக இருந்திருந்தால், அவருடைய கோடையைப் பறித்தது கலெர்வோவின் வாய்தான். வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட கணக்கோடு வாழ்ந்து பழகிய மனுஷனுக்கே இது கனத்தது.

சௌனாவுக்கு மட்டும் ரெய்னோ தவறவில்லை. இலையுதிர் காலத்தில் ஒருநாள், ஆவி அடங்கியபின், "ஒரு நாளைக்கு ரெண்டு பஞ்சு, இப்ப ஒண்ணாயிடுச்சு. எல்லாம் உன் உபயம்" என்றார்.

கலெர்வோ தலையைக் குனிந்துகொண்டார்.

"டேய், நிமிரு. வேடிக்கைக்குச் சொன்னேன். பாதி வேடிக்கைக்கு." கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு, கற்களைப் பார்க்காமல் நேராகக் கலெர்வோவைப் பார்த்தார். "உன் ரத்தச் சோதனை எப்ப?"

ஐம்பது வருஷச் சௌனாவில் அப்படி ஒரு கேள்வி அதற்கு முன் எழுந்ததில்லை.

"அடுத்த வாரம்."

"போன தடவ அளவு கொஞ்சம் ஏறியிருந்துச்சுன்னு தெர்த்து சொன்னா. ஏன் என்கிட்ட சொல்லல? சாயல் நல்லா இருக்குன்னு படுத்துத் தூங்கலாம்னு நினைச்சியா? நான் கூட்டிட்டுப் போறேன். நான்தான் ஓட்டுவேன்."

ஓட்டினார். ரத்தத்தில் அது பழைய அளவுக்கே இறங்கியிருந்தது. திரும்பும் வழியில் ரெய்னோ ரேடியோவில் வந்த பாட்டுக்கு விரலால் தாளம் போட்டார். இர்மா தொலைபேசியில் கூப்பிட்டதாகவும் சொன்னார். பெண்கள் அழைக்கிற முறை வரும்போதெல்லாம் அவள் உட்கார்ந்தே இருக்கிறாளாம். "எனக்குப் பஞ்சு இருக்குன்னு சொல்லிட்டேன்" என்றார். "அதுக்கு அவ, எனக்கு முட்டி மாத்தியிருக்கு, யாரு முதல்ல விழறோம்னு பாப்போம்கறா."

அந்த வருஷம் குளிர் நேரத்துக்கு வந்தது; காற்றில்லாத, அடங்கிய குளிர். கலெர்வோ திருகுக் கருவியோடு ஏரியில் இறங்கினார். இடுக்கில் நின்று துண்டை வெளியே எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கறுத்துத் தெளிந்திருந்தது. பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டார். அதற்குப் பக்கத்தில் மற்றொன்று. ஊரில் யாருக்கும் அவர் இவ்வளவு துளை போட்டதில்லை.

கரையில் தடுப்புக் கம்புக்கு இந்தப்பக்கம் வேன் நின்றது, எஞ்சின் அணைத்து. ரெய்னோ கோட்டும் டையும் கறுப்புக் காலணியுமாக வேனுக்கு வெளியே நின்று, கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார். இதற்கு முன் எந்தச் சாலைக்கும் அவர் காத்திருந்து நாங்கள் பார்த்ததில்லை.

கலெர்வோ திரும்பி வந்து கம்பை எடுத்து ஓரமாக வைத்தார். "போகலாம்" என்றார்.

ரெய்னோ அசையவில்லை.

"யாரு போகலாம்? நீயா, நானா?"

கலெர்வோ திருகுக் கருவியைப் பனியில் ஊன்றினார். கையுறையால் மூக்கைத் துடைத்தார்.

"நீதான்டா" என்றார். "உன் வேன் எடைக்குத்தான் பாத்துட்டு வந்தேன்."

ரெய்னோ ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போடாமல், கண்ணாடியைக் கடைசிவரை இறக்கிவிட்டு, மெதுவாக ஏரிமேல் இறங்கினார்.